மாமரத்துக்கு எத்தனை அடி இடைவெளி? – வாசகர் கேள்வி பதில்

மா நடவைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இடைவெளியைப் பற்றியே கேட்டிருக்கின்றன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: நத்தம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர் வசதியும் உண்டு. அப்பா வைத்த பழைய தோப்பில் முப்பது அடிக்கு ஒரு மரம் நிற்கிறது. நாற்றுப்பண்ணையில் கேட்டால், ஏக்கருக்கு 674 கன்றுகள் நடலாம், மூன்றாம் ஆண்டிலிருந்தே காய் பறிக்கலாம் என்கிறார்கள். நெருக்கி நட்டால் தோப்பு காடாகிவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், நத்தம்

பதில்: இரு தரப்பும் சொல்வது உண்மைதான். 674 கன்றுகள் நட்டு நல்ல மகசூல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதே எண்ணிக்கையில் நட்டு எட்டாம் ஆண்டில் பாதி மரங்களை வெட்டி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களைப் பிரித்தது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டி மரத்தை அடக்கி வைக்கும் வேலை. முதல் வகையினர் ஆண்டு தவறாமல் கவாத்து செய்தார்கள். இரண்டாம் வகையினர் செய்யவில்லை.

முதலில் மாமரம் எங்கே காய்க்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பலாவைப்போல அது அடிமரத்தில் காய்ப்பதில்லை. கிளைகளின் நுனியில், நன்றாக முதிர்ந்து வெயில் பட்ட நுனியில்தான் பூங்கொத்து வருகிறது. இலை மூட்டத்துக்குள் நிழலில் நிற்கும் குச்சிகள் சில ஆண்டுகள் வெறும் இலையோடு நின்று, பிறகு காய்ந்து போகின்றன. ஆகவே ஓர் ஏக்கரின் மகசூலைக் கணிக்க விரும்புபவர், அங்கே நிற்கும் மரங்களை எண்ணுவதைவிட, வெயில் படும் முதிர்ந்த நுனிகள் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பதே சரியான வழி.

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. முப்பது அடிச் சதுரத்தில் நட்டால் அதில் 48 மரங்கள் நிற்கும்; 25 அடிக்கு 69, 20 அடிக்கு 108, 15 அடிக்கு 193. நாற்றுப்பண்ணையில் சொன்ன 674 என்பது 3 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது ஏறத்தாழ பத்து அடிக்கு ஆறரை அடி இடைவெளியில் வரும் கணக்கு. முப்பது அடித் தோப்பில் முதல் பத்து ஆண்டுகள் விழும் வெயிலில் பெரும்பகுதி வெறும் தரையில்தான் விழுகிறது. கன்றுகள் அந்த இடத்தை நிரப்ப அத்தனை காலம் பிடிக்கிறது. நெருக்கி நட்ட தோப்பு நான்கைந்து ஆண்டுகளிலேயே தரையை மூடிவிடுவதால், அதே வெயிலை முன்கூட்டியே காயாக மாற்றத் தொடங்குகிறது. அடர் நடவின் உண்மையான ஆதாயம் இந்த முன்கூட்டிய வருமானம்தான். தோப்பு முழு வயதை அடைந்த பிறகு, நன்றாகப் பராமரிக்கப்பட்ட இரு தோப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, தொடக்க ஆண்டுகளில் இருந்த அளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை.

மரத்துக்கு மரம் கிடைக்கும் காய் குறையும் என்பது உறுதி. கணக்குக்காகச் சொல்கிறேன்: முப்பது அடியில் நிற்கும் ஒரு பெரிய மரம் 100 கிலோ கொடுத்தால் 48 மரங்களில் 4.8 டன் கிடைக்கும். பதினைந்து அடியில் நிற்கும் சிறிய மரம் 30 கிலோ மட்டுமே கொடுத்தாலும் 193 மரங்களில் 5.8 டன் வரும். மரத்தைப் பார்த்து வருந்துபவர் ஏக்கரைப் பார்த்துக் கணக்கிட்டால் முடிவு மாறும். ஆனால் அந்த 30 கிலோ கிடைக்க வேண்டுமானால் ஒவ்வொரு மரத்தின் நான்கு பக்கமும் வெயில் இறங்க வேண்டும். கிளைகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் மரம் வெயிலைத் தேடி மேலே ஓடும், கீழ்க்கிளைகள் பட்டுப்போகும், காய் உச்சியில் மட்டும் நிற்கும். அப்போது 193 மரங்கள் இருந்தும் 48 மரங்களின் காய்கூடக் கிடைக்காமல் போகலாம்.

வரிசைகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட மரத்தின் உயரம் குறைவாக இருக்க வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்குள் நிறுத்துவது நல்லது. பத்தடி வரிசையில் மரம் எட்டடியைத் தாண்டக் கூடாது. ஏழடியில் நிறுத்துபவர்களே நிம்மதியாக இருக்கிறார்கள். நடவு செய்த கன்று இரண்டு அல்லது இரண்டேகால் அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, நாலா பக்கமும் பரவும் மூன்று நான்கு கிளைகளை மட்டும் விட வேண்டும். அவை இரண்டடி வளர்ந்ததும் மீண்டும் கிள்ளிக் கிளைக்கச் செய்ய வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் வரும் பூவை, மனம் கேட்காவிட்டாலும், உதிர்த்துவிட வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்த சில வாரங்களுக்குள் கவாத்து முடிந்தாக வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. ஆடி, ஆவணியில் வெட்டினால் வரும் துளிர் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகள் வருவதற்குள் முதிர்ந்து பூக்கத் தயாராகும். ஐப்பசியில் வெட்டினால் பூ வர வேண்டிய நேரத்தில் கொழுந்துதான் வரும்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். மூன்று ஏக்கரிலும் 674 வீதம் நட்டால் 2,000 மரங்களுக்கு மேல் வரும். அவ்வளவையும் ஆண்டுதோறும் ஆடியிலும் ஆவணியிலுமாகக் கவாத்து செய்ய, பழகிய ஆட்கள் உங்களுக்குக் கிடைப்பார்களா என்பதை முதலில் யோசியுங்கள். கன்றுச் செலவும் முப்பது அடி நடவைப் போலப் பதினான்கு மடங்கு ஆகும். உங்களிடம் நீரும் சொட்டுநீர்க் குழாயும் இருப்பதால் முப்பது அடிக்குத் திரும்ப வேண்டிய தேவை இல்லை. வரிசைக்கு வரிசை 20 அடி, மரத்துக்கு மரம் 13 அடி என்று நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 167 மரங்கள் நிற்கும். நடுவில் சிறிய டிராக்டரும் போகும். ஓர் ஆண்டு ஆள் கிடைக்காமல் கவாத்து தவறினாலும் தோப்பு கைமீறிப் போகாது. 674 முறையைக் கற்றுப்பார்க்க விரும்பினால் அரை ஏக்கரில் மட்டும் வையுங்கள். அந்த அரை ஏக்கரை நான்கு ஆண்டுகள் ஒழுங்காகக் கவாத்து செய்ய முடிந்தால், மிச்சத்தைப் பற்றி அப்போது முடிவு செய்யலாம்.

கேள்வி: பர்கூர் அருகே எங்களிடம் பன்னிரண்டு வயதுத் தோப்பு இருக்கிறது. பெங்களூரா, நீலம் ரக மாமரங்கள் பதினைந்து அடி இடைவெளியில் நிற்கின்றன. கவாத்து செய்ததே இல்லை. கிளைகள் முழுவதும் கூடிவிட்டன. காய் உச்சியில் மட்டும் பிடிக்கிறது. பூக்கும் நேரத்தில் தத்துப்பூச்சி தாங்க முடியவில்லை. மருந்து தெளித்தாலும் உச்சிக்கு எட்டுவதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். வளர்த்த மரத்தை வெட்ட மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் எல்லாத் தொல்லைகளுக்கும் ஒரே காரணம் நிழல்தான். காற்றும் வெயிலும் புகாத தோப்பு தத்துப்பூச்சிக்கு ஏற்ற இருப்பிடம். பூக்காத மாதங்களில் அது பட்டை இடுக்குகளில் ஒளிந்திருந்து, பூங்கொத்து வந்தவுடன் சாற்றை உறிஞ்ச வருகிறது. அது கழிக்கும் தேன் போன்ற திரவத்தில் கரும்பூசணம் படர்கிறது. ஈரம் தங்குவதால் சாம்பல் நோயும் ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோயும் சேர்ந்துகொள்கின்றன. நிழலைக் குறைக்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது பணத்தை வீணாக்கும்.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது மரங்களைக் குறைப்பது. இதில் மூலைவாட்டில், சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களை மட்டும் எடுப்பதுபோல, ஒன்றுவிட்டு ஒன்றை நீக்குவதே நல்லது. அப்படிச் செய்தால் மிஞ்சும் மரங்களுக்கிடையே நான்கு திசையிலும் 21 அடி கிடைக்கும். ஏக்கருக்கு 193 ஆக இருந்தது 97 ஆகும். முழு வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தாலும் எண்ணிக்கை அதேதான். ஆனால் வரிசைக்குள் மரங்கள் பதினைந்து அடியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிராக்டர் ஓட வழி வேண்டும் என்பதே முக்கியமாக இருந்தால் மட்டும் வரிசையை எடுக்கலாம். எந்த மரத்தை வெட்டுவது என்று இப்போதே முடிவு செய்யாமல், ஒரு பருவம் காய்ப்பைப் பார்த்து, எப்போதும் காய்க்காத மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டு வையுங்கள். மூலைவாட்டில் எந்தப் பாதியை எடுப்பது என்பதை அந்தக் குறிகளே காட்டிவிடும்.

இரண்டாவது வழி, மரங்களை நிறுத்தி வைத்துக்கொண்டு உயரத்தைக் குறைப்பது. லக்னோ அருகே ரெஹ்மான்கேராவில் உள்ள மத்திய மிதவெப்ப மண்டலத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், மலிஹாபாத் வட்டாரத்தின் முதிய தசேரி ரக மாந்தோப்புகளுக்காக இந்தப் புதுப்பிப்பு முறையைச் செம்மைப்படுத்தியது. அங்கே குளிர்காலத்தில் பெருங்கிளைகளை வெட்டி, பிறகு வரும் துளிர்க்கூட்டத்தில் வெளிப்புறம் நோக்கிய சிலவற்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குகிறார்கள். அப்படி வெட்டிய மரம் மீண்டும் நன்றாகக் காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். உங்கள் மரங்களுக்கு வயது பன்னிரண்டுதான் என்பதால் அவ்வளவு கடுமையான வெட்டு தேவைப்படாது. அறுவடை முடிந்ததும் மரத்தின் நடுவே செங்குத்தாக ஏறும் ஒன்றிரண்டு பெருங்கிளைகளை அடியோடு எடுத்து உட்புறத்தைத் திறந்துவிடுங்கள். உயரத்தைப் பன்னிரண்டு அடிக்குக் கொண்டுவாருங்கள். ஒரே ஆண்டில் தோப்பு முழுவதையும் வெட்டினால் அடுத்த ஆண்டு வருமானமே இருக்காது என்பதால், பாதியை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் செய்யுங்கள். வெட்டிய இடத்தில் அன்றே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவுங்கள். பெரிய வெட்டுகளைத் தேடித் தண்டு துளைப்பான் வரும். எனவே அடுத்த சில மாதங்கள் மரத்தடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் வட்டாரத்தில் பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகும் காய். ஆலை தருவது எடைக்கான விலை. அதற்காக மரத்துக்கு மரம் கைக்கவாத்து செய்து கட்டுப்படியாக்குவது கடினம். பெங்களூராப் பகுதியில் மரங்களைக் குறையுங்கள். நீலத்தில் கவாத்தை முயன்று பாருங்கள். நீலம் இயல்பாகவே அளவோடு வளர்ந்து, ஆண்டுதோறும் காய்க்கும் குணமுள்ளது. வெட்டை நன்றாகத் தாங்கும். மரத்தை வெட்ட மனம் வராததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் இப்போது உங்கள் தோப்பில் ஒவ்வொரு மரமும் பக்கத்து மரத்தைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: இமாம்பசந்த் ரகத்தை அடர் நடவில் வைக்கலாமா? ஆப்பிளில் இருப்பதைப்போல மரத்தைக் குட்டையாக்கும் வேர்க்கன்று (ஒட்டுக் கட்ட அடியில் வைக்கும் கன்று) மாவில் இல்லையா?
– வாசகர், பெரியகுளம்

பதில்: இமாம்பசந்த் வீரியமாகப் படரும் மரம், காய்ப்பிலும் ஓர் ஆண்டு கொடுத்து ஓர் ஆண்டு ஓயும் போக்கு அதற்கு உண்டு. கவாத்து மிகுந்தால் அது காயைவிடத் துளிரையே அதிகம் தரும். விலை நன்றாகக் கிடைக்கிறது என்பதால் பலரும் அதைப் பத்தடியில் நட்டுவருகிறார்கள். என் ஆலோசனை 20 அடிக்குக் குறைய வேண்டாம் என்பதே. மல்கோவாவுக்கும் இது பொருந்தும்.

நெருக்கமான நடவுக்கென்றே அமைந்ததுபோல வளரும் ரகம் அம்ரபாலி. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தசேரியையும் நம் நீலத்தையும் இணைத்து உருவாக்கியது இது. முக்கோண முறையில் இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,600 மரங்கள் வரை நடலாம் என்று அதற்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆண்டுதோறும் காய்க்கும், மரம் குட்டை. அதன் காய் சிறியது என்பதால் நம் சந்தையில் வரவேற்பு குறைவு. அதனால் நடும் முன் விற்கும் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட பையூர் 1 ரகமும் நெருக்கி நட ஏற்றது.

வேர்க்கன்றைப் பொறுத்தவரை, ஆப்பிளில் இருப்பதுபோல எல்லா ரகத்தையும் நம்பகமாகக் குட்டையாக்கும் ஒன்று மாவில் இன்னும் பரவலாகக் கிடைக்கவில்லை. வெள்ளைக்கொழும்பான் என்ற மா ரகத்தின் வேர்க்கன்றில் ஒட்டிய அல்போன்சா குட்டையாக நின்றது ஆய்வுகளில் காணப்பட்டது. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு அந்த மரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நம் நாற்றுப்பண்ணைகளில் பெரும்பாலும் கிடைத்த கொட்டையை முளைக்க வைத்தே ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆகவே உயரத்தைக் கட்டுப்படுத்துவது இப்போதைக்கு உங்கள் கத்தரிக்கோலின் வேலைதான்.

கேள்வி: வரிசையை எந்தத் திசையில் அமைக்க வேண்டும்?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: நான்கு பக்கமும் சம இடைவெளியில் நடுபவர்களுக்குத் திசை பெரிய பொருட்டல்ல. வரிசைக்குள் நெருக்கியும் வரிசைக்கிடையே அகலமாகவும் நடுபவர்கள் வடக்கு தெற்காக வரிசையை ஓட விட்டால், காலை வெயில் ஒரு பக்கத்திலும் மாலை வெயில் மறுபக்கத்திலும் விழும். நிலம் சரிவாக இருந்தால் இந்த விதியை விட்டுவிட்டு, சரிவுக்குக் குறுக்காக நடுங்கள். மண் அரிப்பால் வரும் இழப்பு, திசையால் வரும் ஆதாயத்தைவிடப் பெரிது.

கேள்வி: முப்பது அடியில் நட்டிருக்கிறேன். நடுவில் உள்ள இடம் சும்மா கிடப்பது உறுத்துகிறது. என்ன பயிர் செய்யலாம்?
– வாசகர், சோளிங்கர்

பதில்: முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்கு நிலக்கடலை, உளுந்து, கொள்ளு, தக்காளி, கத்தரி போன்ற குட்டைப் பயிர்களைச் செய்யலாம். கன்றைச் சுற்றிக் குறைந்தது மூன்றடி வட்டத்தை விட்டுவிட்டு, கன்று வளர வளர அந்த வட்டத்தையும் பெரிதாக்குங்கள். கரும்பு, வாழை போன்று நீர் மிகுதியாகக் கேட்கும் உயரப் பயிர்களை வைக்காதீர்கள். மரம் பூக்கத் தயாராகும் மாதங்களில் மண் சற்றுக் காய வேண்டும், அந்தப் பயிர்களோ அப்போதும் தண்ணீர் கேட்கும்.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டு மாமரங்களுக்கு நடுவே பப்பாளி, கொய்யா, சீத்தா போன்றவற்றை இடைமரமாக நட்டு, மாமரம் பரவியதும் எடுத்துவிடலாம். பப்பாளி இரண்டு மூன்று ஆண்டுகளில் தானாகவே ஓய்ந்துவிடும். கொய்யா வைப்பவர்கள்தான் எடுக்க வேண்டிய ஆண்டில் எடுக்காமல் தவறவிடுகிறார்கள். அது நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் வெட்ட மனம் வராது. நடும் நாளிலேயே எடுக்கும் ஆண்டைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் தோப்பு பன்னிரண்டு அடிக்கு பன்னிரண்டு அடி. கவாத்துக்குப் பதிலாக வேரில் ஊற்றும் மருந்தைப் பயன்படுத்தினால் மரம் அடங்கி நிற்கும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: கல்டார் என்ற பெயரில் பலரும் அறிந்திருக்கும் பேக்லோபூட்ரசாலைத்தான் சொல்கிறார்கள். தண்டை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி மரத்துக்குள் உருவாவதை அது தடுக்கிறது. அதனால் புதுத்துளிர் குறைந்து, கணுக்கள் நெருங்கி, மரம் பூக்கும் பக்கம் திரும்புகிறது. கொங்கணத்து அல்போன்சாத் தோப்புகளில் ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் போக்கைத் திருத்த அது பெருமளவில் பயன்பட்டு வருகிறது.

ஆனால் ஏற்கெனவே கூடிவிட்ட கிளைகளை அது விலக்காது. நிழலில் நிற்கும் நுனிக்கு வெயிலைக் கொண்டுவராது. அதோடு, மண்ணில் நெடுநாள் தங்கும் பொருள் அது. ஆண்டுதோறும் அதே அளவை ஊற்றிக்கொண்டிருந்தால் மண்ணில் சேர்ந்து, துளிர்கள் சூம்பி, பூங்கொத்துகள் குறுகி நெருங்கி வரும். நன்றாக வளர்ந்த, நோயில்லாத, காய்ப்புக்கு வந்த மரத்துக்கு, மண்ணில் ஈரம் இருக்கும்போது, மரத்தின் படர்வுக்கேற்ற அளவில் மட்டும் கொடுக்க வேண்டியது அது. அளவை உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் மரத்தின் படர்வைச் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள். கடைக்காரர் சொல்லும் அளவை நம்ப வேண்டாம். கவாத்தை ஒழுங்காகச் செய்யும் தோப்புக்கு அது துணை. கவாத்தே செய்யாத பன்னிரண்டு அடித் தோப்பில் அது ஓரிரு ஆண்டுகளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

கேள்வி: தருமபுரிப் பக்கம் மானாவாரி நிலம், கீழே சரளை. இங்கே மரங்கள் எப்படியும் சிறிதாகத்தான் வளர்கின்றன. அப்படியானால் நெருக்கி நடுவதில் தவறில்லையே?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் ஊரில் மரம் சிறிதாக நிற்பதற்குக் காரணம் அதற்குக் கிடைக்கும் நீர் குறைவு என்பதே. இரண்டு மரங்களுக்கு நடுவே வெற்றிடமாகத் தெரியும் தரைக்குக் கீழே அவற்றின் வேர்கள் ஈரத்தைத் தேடிப் பரவியிருக்கின்றன. மேலே இடம் இருக்கிறது என்று இன்னொரு கன்றை நட்டால், அதே மழைநீரை மூன்று மரங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். காய் பிஞ்சிலேயே உதிரும், நின்ற காயும் பருக்காது. நீர் உள்ள நிலத்தில் இடைவெளியைத் தீர்மானிப்பது வெயில். மானாவாரியில் அதைத் தீர்மானிப்பது வேருக்கு எட்டும் ஈரம்.

எனவே 25 அடிக்குக் குறையாமல் நடுங்கள். மூன்றடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, சரளையை அகற்றி, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் சரிவின் கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவ வரப்பு போட்டு, அந்த 25 அடிக்குள் விழும் மழை அந்த மரத்தடியிலேயே இறங்கும்படி செய்யுங்கள். பின்னால் பண்ணைக்குட்டை அமைந்து சொட்டுநீர் கிடைத்தால், வரிசைக்குள் நடுவே ஒரு கன்று வீதம் சேர்த்து 25 அடிக்குப் பன்னிரண்டரை அடியாக மாற்றிக்கொள்ளலாம். பழைய மரங்களின் நிழல் புதுக்கன்றின் மேல் விழாதபடி அவற்றை முதலில் கவாத்து செய்துவிட்டு நடுங்கள்.